முதலில் தண்ணீரைப் பாருங்கள்



எழுபது வயதைத் தாண்டியவன் பேச ஆரம்பித்தால் படிப்பு, வேலை, சேமிப்பு என்றுதான் போவான் என்று நினைப்பீர்கள். அவையும் வேண்டியவைதான், சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் பொறுப்பில் இருக்கும் ஓர் உயிர், சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வரும். குழந்தை ரூபத்தில் வரலாம், நோயாளி ரூபத்தில் வரலாம், வயதான தாய் ரூபத்தில் வரலாம். எங்கள் வீட்டில் அது ஒரு தவளை ரூபத்தில் வந்தது.

அம்பத்தூரில் மகள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பேத்தி ஆசையாக வளர்க்கும் வெள்ளைத் தவளை. வண்ண மீன் என்றால் சென்னைக்குக் கொளத்தூர்தான். தவளையை வாங்கியதும் அங்கேதான். ‘அல்பினோ தவளை’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். ஆப்பிரிக்க நகத்தவளை என்ற இனத்தில் நிறம் வெளிறிய வகை அது. தென்னாப்பிரிக்கப் பக்கத்துக் குளம் குட்டைகள்தான் அதன் பூர்வீகம். அதற்கு நாக்கே கிடையாது. இரையை முன்னங்கைகளால் அள்ளி வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள்தான் வாசம். அந்த ஆயுளும் சின்னதல்ல. நன்றாகக் கவனித்தால் 15 ஆண்டு, அதற்கு மேலும் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் வாங்கிய தவளை, வாங்கிய பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் தொட்டியில் இருக்கலாம்.

போன கோடையில் அது சாப்பாட்டை நிறுத்தியது. மூக்கருகே புழு விழுந்தாலும் கை நீட்டவில்லை. தொட்டியின் ஒரு மூலையில், மேல்மட்டத்தை ஒட்டியே கிடந்தது. பேத்தி மருந்து ஊற்றும் சொட்டுக் குழாயில் எதையோ கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“வாயத் தொறக்கவே மாட்டேங்குது தாத்தா. புடிச்சு ஊட்டிடட்டுமா?”

“வேணாம் கண்ணு. அதுக்கு முன்னாடி நாம பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.”

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்று வேலை பார்த்தவன். வெட்டு சரியாக விழவில்லை என்றால் கைப்பிடியை இன்னும் அழுத்துகிறவன் புதுப் பையன். பழகின ஆள் மிஷினை நிறுத்திவிடுவான். டூல் முனை மழுங்கியிருக்கிறதா, கூலன்ட் வருகிறதா, சக் இறுகப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். அழுத்தினால் டூலும் போகும், வேலையும் போகும். சாப்பிடாத உயிரிடமும் அழுத்தம் வேலைக்கு ஆகாது. வலிய ஊட்டினால் அதன் வாய் கிழியலாம். பிடிக்கிற பிடியில் தோலின் வழுவழுப்பு போய் நோய் ஏறலாம். பயந்த உயிர் இன்னும் பயப்படும்.

வாயைப் பார்க்காதீர்கள், சுற்றிப் பாருங்கள்

முதலில் தெர்மாமீட்டரைத் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு 32 டிகிரி. மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி. சுவரில் வெயில் ஏறினால் ராத்திரிவரை சூடு இறங்காது. இந்தத் தவளையை ஆராய்ச்சிக் கூடங்களில் 18 முதல் 22 டிகிரி தண்ணீரில் வைத்துப் பராமரிக்கிறார்கள். சென்னையின் மே மாதத்தில் நமக்கே சோறு இறங்குவதில்லை. அது எப்படிச் சாப்பிடும்?

தவளைக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் கொதிப்பேறினால் உள்ளே எல்லாமே தடுமாறும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். தொட்டியைக் கிழக்கு அறைக்கு மாற்றி, தரையோடு தரையாக வைத்தோம். மூடியைக் கழற்றி, வலையை இறுகக் கட்டினோம். கட்டாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். மேலே சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால், தண்ணீர் ஆவியாகிற வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ரொம்பச் சூடான மத்தியானத்தில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம். ஐஸைக் கொட்டிவிடக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் அதுவும் ஓர் அதிர்ச்சிதான். நல்லதையும் மெதுவாகத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சின் ஒரு பங்கும் தோல் வழியேதான். அதனால் தண்ணீரில் எது இருக்கிறதோ அது அதன் உடம்புக்குள் போகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ஒரே குழாயில் ஒருநாள் போர் தண்ணீர் வரும், ஒருநாள் மெட்ரோ தண்ணீர் வரும், ஒருநாள் லாரித் தண்ணீர் வரும். நமக்குக் கிருமி வராமல் காக்கிற குளோரின், தவளையின் தோலுக்கு எரிச்சல். வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் சாதாரண குளோரின் பறந்துவிடும். ‘நல்ல தண்ணி’ என்று ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. அதில் உப்புச்சத்து அநேகமாக எதுவுமே இருக்காது, தவளையின் உடம்பு உப்பை இழக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அம்மோனியா. தின்னாமல் விட்ட புழு அழுகினாலும், கழிவு சேர்ந்தாலும் தண்ணீரில் அம்மோனியா ஏறும். பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான், உள்ளே விஷம். வண்ண மீன் கடையிலேயே இதற்குச் சோதனைக் கிட் கிடைக்கும். ஏறியிருந்தால் மொத்தத் தண்ணீரையும் கவிழ்க்காமல் கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது.

பிறகு சத்தம். இந்தத் தவளையின் உடம்பில் இருபுறமும் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் வரிசையாக ஓடும். அழகுக்கு வந்த கோடுகள் அல்ல. தண்ணீரில் எழும் சிறு அதிர்வையும் உணர்கிற உறுப்பு அது. டிவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால், சீரியல் ஓடுகிற நேரமெல்லாம் அது நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். உடைந்த மண்சட்டியின் பாதியைக் கூரில்லாமல் தேய்த்து உள்ளே கவிழ்த்தோம். அன்றே அது அதற்கடியில் போய் உட்கார்ந்தது. சாயங்காலமானால் நாம் கொளுத்துகிற கொசுவர்த்தி, அடிக்கிற ஸ்பிரே, தெருவில் வரும் கொசுப்புகை எல்லாம் தண்ணீரில் படியும். அந்த நேரம் தொட்டியை மூடி வையுங்கள். தொட்டியடியில் அழகுக்குப் போடுகிற சிறு கூழாங்கற்களையும் எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துப் போன தவளைகள் உண்டு.

இவ்வளவையும் சரிசெய்த பிறகுதான் சாப்பாடு. அதுவும் அந்தி சாய்ந்த பிறகு, ஏனென்றால் இரவில்தான் அதற்குச் சுறுசுறுப்பு. உரம் போடாத மண்ணில் எடுத்த சிறு மண்புழுவை அலசி, ஒரு துண்டு போடுங்கள். தொடவில்லையா? கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டு, ஒருநாள் விட்டு மறுபடி போடுங்கள். பேத்தி அப்படித்தான் செய்தாள். ஒரு ராத்திரி சட்டிக்கடியிலிருந்து இரண்டு கைகள் நீண்டு, புழுத் துண்டை அள்ளி வாய்க்குள் தள்ளிக்கொண்டன. அவள் கத்தவில்லை, கைதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டாளே, அதுதான் எனக்குச் சந்தோஷம்.

பதறாதீர்கள், எழுதி வையுங்கள்

ஆரோக்கியமான பெரிய தவளை சில வாரம் பட்டினியைத் தாங்கும். குட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே ‘எப்போது சாப்பிட்டது?’ என்ற கேள்விக்கு ‘ரொம்ப நாள் இருக்கும்’ என்பது பதிலாகாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் போதும். தண்ணீரின் சூடு, என்ன போட்டோம், தின்றதா, கழித்ததா என்று நான்கே வரி. வாரம் ஒருமுறை எடை. நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன எலக்ட்ரானிக் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எடையைப் பூஜ்யமாக்கி, தவளையை விட்டுப் பார்த்தால் கிராம் கணக்கில் தெரிந்துவிடும். எடை நிலையாக இருந்தால் மனம் அமைதியாகும். இறங்கிக்கொண்டே போனால் அடுத்த வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

கவலைப்படுகிற மனத்துக்கு ஒரு வேலை கொடுங்கள், பிள்ளைகளே. குறித்து வைக்கிற கை நடுங்காது.

கையைத் தொட்டியில் விடும் முன்னும் பின்னும் கழுவுங்கள். முன்னால் கழுவுவது தவளைக்காக. நம் கையின் சோப்பும் உப்பும் எண்ணெயும் அதன் தோலுக்கு ஆகாது, நன்றாக அலசுங்கள். பின்னால் கழுவுவது நமக்காக. தவளைகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் பல மாநிலங்களில் குழந்தைகளுக்குப் பரவிய சால்மோனெல்லா தொற்று, வீட்டில் வளர்த்த குட்டை ஆப்பிரிக்கத் தவளைகளிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவவே கூடாது.

சின்ன உயிருக்காக டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள்

வயிற்றடியும் தொடையும் சிவந்தால், உடம்பு பலூனாக உப்பினால், தோலில் பஞ்சு மாதிரி வெள்ளைப் படை கிளம்பினால், தோல் தாள் தாளாக உரிந்து தொங்கினால் வீட்டு வைத்தியம் போதாது. அந்தச் சிவப்பு, ரத்தத்தில் கிருமி ஏறியதற்கு அடையாளமாக இருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். மனிதனுக்கு வைத்த அளவு அந்தச் சிறு உடம்பைக் கொன்றுவிடும்.

நம் ஊரில் எல்லாக் கிளினிக்கிலும் தவளை பார்க்க மாட்டார்கள். நாய், பூனை, மாடு பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது சேர்ந்திருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் அமைந்தது, தலைமையிடம் மாதவரத்தில். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து வேப்பேரி பக்கம்தான். காற்றுத் துளை போட்ட டப்பாவில், குளோரின் இல்லாத தண்ணீரில் நனைத்த மெத்துத் துணியைப் பரப்பி, அதில் தவளையை வைத்து நிழலிலேயே கொண்டு போங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த தாள்களையும் மறக்காதீர்கள்; வாய் பேசாத நோயாளிக்கு அந்தத் தாள்கள்தான் வாய்.

ரயிலில் யாராவது, “தவளைக்கா டாக்டரு?” என்று கேட்பார்கள். தலை குனியாதீர்கள். இந்த நகத்தவளைக்கு மனித குலம் பட்ட கடன் பெரியது. 1930களில் தென்னாப்பிரிக்காவில் லான்சலாட் ஹாக்பென் என்ற அறிஞரின் ஆய்விலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை முறை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால், அவள் கர்ப்பமாக இருக்கும் பட்சத்தில் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். அதற்கு முன் இதே சோதனைக்காக எலியையும் முயலையும் அறுத்துப் பார்த்தார்கள். தவளையோ உயிரோடு தொட்டிக்குத் திரும்பியது. பல ஆண்டுகள் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் ‘நீ தாயாகப் போகிறாய்’ என்ற சேதியைச் சொன்னது இந்தத் தவளைதான். ஜான் கர்டன் என்ற விஞ்ஞானி 1962இல் வெளியிட்ட ஆய்வில், இதே தவளை இனத்தின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைத்துத் தலைப்பிரட்டையை உருவாக்கிக் காட்டினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இத்தனையும் தந்த இனத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் செலவழிப்பது ஒன்றும் பெரிதல்ல.

கொண்டுவந்தவர் கடைசிவரை பொறுப்பு

சாப்பிடாத தவளையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போய், “பாவம், சுதந்திரமா இருக்கட்டும்” என்று கொரட்டூர் ஏரியிலோ பருத்திப்பட்டு ஏரியிலோ விட்டுவிடத் தோன்றும். செய்யாதீர்கள். நம் சுமையை ஏரியின் தலையில் இறக்குவதற்குக் கருணை என்று பெயர் வைக்கக் கூடாது. ஆப்பிரிக்க நகத்தவளை சிலியிலும் பிரான்ஸிலும் கலிபோர்னியாவிலும் இப்படித்தான் வெளியில் கலந்து, உள்ளூர்த் தலைப்பிரட்டைகளையும் சிறு மீன்களையும் தின்று பெருகியது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் தூக்கி எறிந்த டேங்க் கிளீனர் மீன், இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுகிறவர்களுக்குத் தீராத தொல்லை. ஏரியில் விட்ட தவளையோடு நோயும் போகும். கிட்ரிட் என்ற பூஞ்சை, மனிதன் தவளைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனதால் உலகம் சுற்றி, 500க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களைச் சரிய வைத்திருக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் நன்றாக வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

நம் ஊர்த் தவளைக்கு நேர்மாறான நியாயம். ஐப்பசி மழையில் காலி மனைகளில் தண்ணீர் நின்றால் காளைத்தவளைகள் வெளியே வரும். ஆண் தவளை மஞ்சளாக மின்னி, நீலத் தொண்டைப்பைகளை உப்பிக் கத்தும். அதைப் பிடித்து வாளியில் போடாதீர்கள். பிடித்த தவளை சாப்பிடாமல் கிடந்தால் அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: பிடித்த இடத்திலேயே அன்றே விட்டுவிடுவது. தவளைக்கால் ஏற்றுமதிக்காக நம் நாட்டில் கோடிக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போனது. 1987இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகில் இன்று ஐந்து இருவாழ்வி இனங்களுக்கு இரண்டு வீதம் அழிவின் ஆபத்தில் இருக்கின்றன. நம் தெருவில் கத்துகிற தவளை நமக்குக் கிடைத்த கொடை.

எல்லாம் செய்தும் சில சமயம் உயிர் போய்விடும். ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு பையனின் தவளை அப்படிப் போனது. அவன் தொட்டியைச் சுத்தம் செய்து, எழுதி வைத்த தாள்களை எடுத்துப் போய், புதிதாகத் தவளை வாங்கிய இன்னொரு பிள்ளையிடம் உட்கார்ந்து விளக்கினான். இறந்ததைச் சாக்கடையிலோ ஏரியிலோ போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தான். அழுதான், அழட்டும். நேர்மையாகக் கவனித்தவனுக்கு அழும் உரிமை உண்டு. ‘நான் என்ன செய்திருக்கலாம்’ என்று தன்னையே கொத்திக்கொள்ளத் தேவையில்லை.

மனிதர்களிடமும் இதுதான்

எங்கள் காலத்தில் கை கால் சூம்பி, வயிறு உப்பிப் போன குழந்தையைப் பார்த்தால், ‘தேரை விழுந்துவிட்டது’ என்பார்கள். பழி தேரையின் மேல். மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது சத்தான சாப்பாடும், காய்ச்சி ஆறிய தண்ணீரும், குடற்புழு மருந்தும். குழந்தையைச் சுற்றி இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வந்தபோது நிலைமை மாறியது. பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் பசி என்று கண்ட காமராஜர், 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. ‘ஏன் வரவில்லை?’ என்று பிள்ளையை அடிப்பதை விட்டு, வர முடிகிற மாதிரி பள்ளியை மாற்றியதுதான் அந்த வேலையின் பெருமை.

உங்கள் வீட்டிலும் அப்படிப் பாருங்கள். பாட்டி சாதத்தை ஒதுக்கினால், “அடம் புடிக்குறாங்க” என்று சொல்லிவிடாதீர்கள். பல்செட் உறுத்துகிறதா, புது மாத்திரையில் வாய் கசக்கிறதா, எழுந்து பாத்ரூம் போக ஆளில்லையே என்று பயந்து தண்ணீரைக் கூடக் குறைத்துக்கொண்டாரா? தேர்வில் மார்க் குறைந்த தம்பி தட்டை நகர்த்தினால், அவன் உட்காரும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் வீடே அவனுடைய மார்க்கைப் பேசுகிறதா? வேலை போன அண்ணன் இரவில் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னால், அவனை வீட்டில் சாப்பிட விடாத வார்த்தை எது? சூடு எங்கே, விஷம் எங்கே, சத்தம் எங்கே, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று தவளைக்குப் பார்த்த அதே நான்கையும் மனிதனுக்கும் பாருங்கள். நாள் கடந்தும் உடம்பு இளைத்துக்கொண்டே போனால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வும் டாக்டர் பார்க்க வேண்டிய நோய்தான்.

அன்பு இருப்பவர்களுக்கு ஊட்டிவிடத் தோன்றுவது இயல்பு. அந்த அன்பை முதலில் தண்ணீரைச் சரிசெய்யத் திருப்புங்கள். வீட்டில் ஒருவர் சாப்பிடவில்லை என்று தெரிந்தால், “சாப்பிடு” என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, “எது கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அதைச் சரிசெய்யுங்கள். வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள்.